ஐந்து பேருக்கு நான்கு உருண்டை

எல்ல டவுனில் புதுசாகத் திறந்த கடை.
நீலக் கதவு, வெள்ளைச் சுவர்.
சட்டியில் நட்ட ஒலிவ் கன்று ஒன்று
இந்தப் பனியை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
பாறை காணாமல் போய் அரை மணித்தியாலம்.

எனக்குப் பதவி உயர்வு. விருந்து என் செலவு.
காப்புறுதிக் கந்தோரிலிருந்து மூன்று பேர்:
கிங்ஸ்லி, ருவந்திகா, ஹஸ்னா.
வீட்டில் தனியே விட மனமில்லாமல்
மதினியையும் கூட்டி வந்திருந்தேன்.

"எல்லாத்தையும் நடுவுல வைப்பாங்க,
ஆளுக்கொரு பிளேட் இல்ல"
என்று பஸ்ஸிலேயே அவளுக்குச் சொல்லிவிட்டேன்.
"கையால எடுக்கலாம், யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."
ம் என்றாள்.
சாரல் அடிக்குது என்று ஜன்னலைச் சாத்தினாள்.

கிங்ஸ்லி மெனுவைத் தப்புத்தப்பாக வாசித்தான், சிரித்தோம்.
நான் வலமிருந்து இடமாக வாசித்தேன்,
விலையிலிருந்து பெயருக்கு.

ஹும்மூஸ் வந்தது.
சுட்டுப் பிசைந்த கத்தரிக்காய் வந்தது.
துணி சுற்றிய கூடையில் ரொட்டி.
ஃபலாஃபல் நான்கு.
நாங்கள் ஐந்து பேர்.

பகிர்ந்து உண்ண என்று மெனுவில் போட்டிருந்தது.
ஒவ்வொருவரும் அடுத்தவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மதினி, இது கடலைதான். அவிச்சு அரைச்சது, நம்ம..."
அவள் கேட்கவில்லை.
ரொட்டியை ஒரு கையாலேயே கிழித்தாள்.
இரண்டு விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே
அது சின்ன அகப்பையாக மடிந்தது.
தட்டின் ஓரத்திலிருந்து வழித்து, வாயில் வைத்து,
கணக்குப் பார்ப்பவள் போலக் கொஞ்ச நேரம்.

"தேசிக்காய் காணாது" என்றாள்.
"தோல் உரிக்காம அரைச்சிருக்காங்க.
அரைக்கையில ஐஸ் தண்ணி ஊத்தணும்."

பெய்ரூட். பதினொரு வருஷம்.
எங்களுக்கு அது நாடாக இருந்ததே இல்லை,
மாசம் பத்தாம் தேதி வரும் ஒரு தொகை.
லயத்துக் கூரைக்குத் தகரம்,
என் புருஷனின் டியூஷன் காசு,
யோசித்தால்
என் தாலிக்கொடியிலும் பாதி.
அதற்கு ஒரு ருசி இருந்திருக்கும் என்று
ஒரு நாளும் தோன்றியதில்லை எனக்கு.

"தினமும் இதுதானா சாப்பாடு?" ஹஸ்னாதான் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை பதினெட்டுப் பேர் வருவாங்க.
விடிய நாலு மணிக்குக் கடலை உரிக்க உக்காருவேன்.
மேசையில முப்பது தட்டு.
கைய நீட்டி நீட்டி எடுப்பாங்க,
பேசிக்கிட்டே, சண்டை போட்டுக்கிட்டே.
பாக்க நல்லாத்தான் இருக்கும்."

"நீங்க?"

"மிஞ்சுனத. குசினியில, நின்னுக்கிட்டு.
மதாம் மோசமில்ல, மூடி வச்சுக் குடுப்பா."

இன்னொரு துண்டு ரொட்டி.
இன்னொரு வாய்.

"உக்காந்து சாப்பிட்டா
உப்புக் கொஞ்சம் கூடத் தெரியுது."

சிரிக்கலாமா என்று யாருக்கும் தெரியவில்லை.
அவள் சிரித்த பிறகு சிரித்தோம்.

வெயிட்டர் பையனைக் கூப்பிட்டுச் சிங்களத்தில்
அரைத் தேசிக்காயும் ஒரு கரண்டியும் கேட்டாள்.
பிழிந்தாள். கரண்டி முதுகால்
தட்டைச் சுற்றி ஒரு வாய்க்கால் இழுத்து
எண்ணெயை அதற்குள் திருப்பிவிட்டாள்.
பையன் தட்டையும் அவளையும் பார்த்தான்.
சமையல்காரரைக் கூப்பிடப் போகிறானோ என்று பயந்தேன்.
போகவில்லை. இன்னொரு கூடை ரொட்டி வைத்தான்,
அது பில்லில் வரவில்லை.

பில்லை மதினி வாங்கி வாசித்தாள்.
"கடலைக்கா இவ்வளவு?"

மூன்று உருண்டை எப்படியோ போயிருந்தன.
நான்காவது தட்டில் ஆறிக்கொண்டிருந்தது.
நீங்க எடுங்க, இல்ல நீங்க எடுங்க,
ருவந்திகா கத்தியைத் தேடினாள், ஐந்தாக வெட்ட.

மதினி எடுத்தாள்.
பிட்கவில்லை.
யாரையும் பார்க்கவில்லை.
முழுசாக வாயில் போட்டுக்கொண்டு
வெளியே பாறை தெரிகிறதா என்று பார்த்தாள்.